சட்டியிலிருந்து சரித்திரம்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சமைப்பதும், சமைத்ததை வைத்து வரலாறு பேசுவதும் என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் பெரியவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

வரலாறு படிக்கத்தான் புத்தகம் இருக்கே. அதுக்கு எதுக்குச் சமையல்?

புத்தகம் வேண்டும். ஆனால் புத்தகத்தில் வரும் பாண்டியரும் போர்த்துக்கீசியரும் பிள்ளைக்கு எங்கேயோ எப்போதோ இருந்த ஆட்கள். தன் தட்டில் கிடக்கும் மிளகாய் அந்தக் கப்பல்காரர்களால் வந்தது என்று தெரிந்ததும் பிள்ளை தானாகவே அடுத்த கேள்வி கேட்கும்: "அப்போ அதுக்கு முன்னாடி காரத்துக்கு என்ன போட்டாங்க?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ராமநாதபுரம் என்றால் பாடத்தில் சேதுபதிகளும் ராமேசுவரம் கோயிலும் வருவார்கள். உப்பு வாரியவர்கள், கருப்பட்டி காய்ச்சியவர்கள், கருவாடு காயப்போட்ட பெண்கள் ஆகியோரின் பெயர்களைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் கைவேலை மட்டும் நம் சாப்பாட்டில் மிச்சம் இருக்கிறது. அவர்களைப் பற்றிப் பேச இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்? அடுப்புப் பக்கம் விடப் பயமா இருக்கு.

ஆறேழு வயதில் ஆரம்பிக்கலாம். அந்த வயதில் அடுப்பே வேண்டாம். புளி கரைப்பது, மிளகு நுணுக்குவது, வெங்காயம் உரிப்பது போதும். பத்து வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க, அடுப்பில் கிண்டச் சொல்லலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருஷக் கணக்கு ஏறாது. அதற்கு நான் சுவரில் ஒரு கயிறு கட்டுகிறேன். ஒரு சாண் நூறு வருஷம். இன்று ஒரு முனை. மிளகாய் வந்தது ஐந்து சாணுக்குள். நம் கரையில் உள்ள அழகன்குளத்துக்கு ரோமானியச் சரக்கு வந்த காலம் ஏறக்குறைய இருபது சாண் தள்ளி. சமைக்கிற ஒவ்வொரு பொருளையும் துணி மாட்டுகிற கிளிப்பில் அதன் இடத்தில் தொங்கவிடுவார்கள். இந்தக் கயிறு கீழே உள்ள பதில்களிலும் வரும்.

எனக்கே வரலாறு வராது. நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது?

மீன் குழம்பில் தொடங்குங்கள். உங்கள் வீட்டுக் குழம்பில் என்னென்ன போடுகிறீர்களோ அதைப் பிள்ளைகளிடமே எழுதச் சொல்லுங்கள். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துக்கீசியர் கடல் வழியாகத்தான் மிளகாய் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. தக்காளி நம் குழம்பில் பரவியது அதற்கும் வெகு காலம் கழித்து. புளி ஆப்பிரிக்காவில் தோன்றிய மரம், ஆனால் சங்க காலத்திலேயே தமிழர் சட்டியில் இருந்தது. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. ராமநாதபுரத்துக்காரருக்கு மிளகும் தூரத்திலிருந்து வர வேண்டிய பொருள்தான். மீனும் உப்பும் மட்டுமே இந்தக் கரையில் பிறந்தவை.

அப்புறம் மிளகாயும் தக்காளியும் இல்லாமல் அதே குழம்பை வையுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள், கொஞ்சம் தேங்காய் சேர்த்து அம்மியில் அரைத்து, புளித்தண்ணீரில் கரைத்து, நல்லெண்ணெயில் வெங்காயம் கறிவேப்பிலை தாளித்து ஊற்றி, கொதி வந்ததும் மீனைப் போட வேண்டியதுதான். ஒரு தடவை தேவிபட்டினத்தில் இப்படிச் செய்தபோது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரசத்துக்குள்ள மீன் விழுந்துருச்சா?" என்றான். சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம், மேலே எண்ணெய் மட்டும் பொன்னாக மிதந்தது. சாப்பிட்டபோது, காரம் நாக்கு நுனியில் படாமல் கொஞ்சம் பொறுத்துத் தொண்டையில் ஏறுகிறது என்று இன்னொரு பிள்ளை கண்டுபிடித்தாள். ஐந்து சாணுக்கு அப்பால் இருந்தவர்கள் காரம் என்று சொன்னது இதைத்தான் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அன்றைக்கு அதற்கு மேல் நான் பேசத் தேவைப்படவில்லை.

முண்டு மிளகாய்க்கு நம்ம ஊர்ப் பேர்ல அரசாங்கமே முத்திரை குடுத்திருக்கு. நீங்க வெளிநாட்டுச் சரக்குங்கிறீங்க?

இரண்டும் உண்மை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு பயிர் எங்கே தோன்றியது என்று சொல்வதில்லை. இந்த மண்ணிலும் இந்த விவசாயிகள் கையிலும் அதற்கென்று ஒரு தனிக் குணம் வந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. குண்டாக, தடித்த தோலோடு இருக்கும் அந்த வற்றலைச் சம்பா வற்றலுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடப் பிரித்துவிடும்.

மழையை நம்பியே வாழும் வறண்ட மாவட்டம் இது. இங்கே மிளகாய் பிழைத்ததற்குக் காரணம் அதை வளர்த்தவர்கள். கடல் தாண்டி வந்த செடியை இந்தக் கரிசல் மண்ணுக்குப் பழக்கி, தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்தார்களே, அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "நம்முடையது" என்று சொல்ல அதுவே போதுமான உரிமை.

உப்புல என்ன வரலாறு இருக்கு?

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் தட்டின் ஓரத்தில் முதலில் வெள்ளைக் கோடு விழும், பிறகு பொருக்குத் தட்டும். பார்ப்பதற்கு மட்டும், சாப்பிட வேண்டாம். ஒரு கைப்பிடி உப்புக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று தெரிந்த பிறகு, வாலிநோக்கம் உப்பளத்திலோ உப்பூர்ப் பக்கமோ பாத்திகளைக் காட்டுங்கள். வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களின் காலையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கயிற்றுக்கு வாருங்கள். தூரத்து முனையில் சங்கப் பாட்டு. உப்பை விற்று அதற்குப் பதிலாக நெல் வாங்கி, அந்த அரிசியில் சோறாக்கி, அயிலை மீனைப் புளி விட்டுச் சமைத்து, கடலுக்குப் போய்வந்த அப்பாவுக்கு மகள் பரிமாறும் காட்சி அகநானூற்றின் 60-ஆம் பாட்டில் இருக்கிறது. வண்டி கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு உப்பு கொண்டுபோன உமணர்களைப் பற்றியும் சங்கப் பாடல்கள் நிறையப் பேசுகின்றன. இந்தப் பக்க முனையில் 1930: உப்புக்கு வரி போட்ட அரசை எதிர்த்து ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளிய கதை. தட்டில் தானே உப்புக் காய்ச்சிய பிள்ளைக்கு, "இதை அள்ளினதுக்கா ஜெயிலு?" என்ற கோபம் தானாக வரும்.

அந்த அகநானூற்றுப் பாட்டுல தொண்டின்னு ஒரு ஊர் வருதே, அது நம்ம தொண்டிதானே? பிள்ளைங்ககிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன்.

இல்லை. அது சேரன் தொண்டி, மேற்குக் கரையில் இருந்த துறைமுகம். பாட்டிலேயே பொறையன் என்று சேரனைக் குறிப்பிட்டுத்தான் வருகிறது. நம் தொண்டி கிழக்குக் கரையில், பாண்டிய நாட்டில் இருப்பது.

பிள்ளைகளிடம் திருத்திச் சொல்லுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வரைபடத்தில் இரண்டு தொண்டியையும் காட்டினால் அதுவே ஒரு பாடம். நம் ஊருக்குப் பெருமை தேட இரவல் தேவையில்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. 1980களிலிருந்து தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியதில் ரோமானியக் காசுகளும் ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அந்த வகை ஜாடிகளில் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு எல்லாம் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். ரோமாபுரியிலும் மீனும் உப்பும் சேர்ந்த வாசம் பிடிக்கும் என்று சொன்னால் கருவாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தொதலும் வட்டிலப்பமும் முஸ்லிம் வீட்டுப் பலகாரம். எங்க பிள்ளைகளுக்கு அதுல என்ன இருக்கு?

இந்தக் கரையின் பாதி வரலாறு இருக்கிறது. கீழக்கரைத் தொதல் தேங்காய்ப்பால், மாவு, கருப்பட்டி அல்லது சர்க்கரை சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை மணிக்கணக்கில் கிண்டுவது. இதே பண்டத்தை இதே பெயரின் சாயலோடு இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கிண்டுகிறார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து ஆவியில் வேகும் வட்டிலப்பம் இலங்கையிலும் பெருநாள் பண்டம். இந்த இனிப்புகளை வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்தால், மரக்கலங்கள் போய்வந்த பாதைதான் கோடாக வரும்.

மாசியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவுப் பக்கம் சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை போல் ஆகும்வரை உலர்த்துவது. கீழக்கரை வீடுகளில் அதை இடித்துச் சம்பலில் போடுவார்கள். 1340களில் மாலத்தீவில் தங்கியிருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, மீனை இப்படிப் பதப்படுத்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதை எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து கிளம்பி இலங்கை வழியாக அவர் வந்தது இந்தப் பாண்டிய நாட்டுக் கரைக்குத்தான். அவர் கப்பலேறிய பத்தன் என்ற துறைமுகம் பெரியபட்டினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு மாசித் துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தட்டிப் பார்க்கச் சொல்லி, மோந்து பார்க்கச் சொல்லி, பிறகு இதைச் சொல்லுங்கள். ஏழு சாண் தூரம் ஒரு நிமிஷத்தில் கிட்டே வந்துவிடும்.

இத்தனையும் நடந்தது எல்லோருடைய ஊரிலும்தான். நெல்லும் துணியும் ஏற்றியவர், பாய்மரம் கட்டியவர், முத்துக் குளித்தவர் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை. பண்டத்தை ஒரு வீட்டோடு ஒதுக்கி வைத்தால் ஊரின் வரலாற்றிலும் ஒரு பகுதி பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

நாங்க சைவம். மீனும் மாசியும் இல்லாம நடத்த முடியுமா?

தாராளமாக. பனை ஒன்றே போதும். பதநீர் புளித்துப் போகாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, அதை மணிக்கணக்கில் காய்ச்சிப் பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றுவது, கருப்பட்டி ஏன் அரைக்கோள வடிவில் இருக்கிறது என்பது எல்லாம் சாயல்குடிப் பக்கம் நேரிலேயே காட்டக் கூடியவை. மேலே சொன்ன மிளகுக் குழம்பைக் கத்தரிக்காய் போட்டும் வைக்கலாம்.

கடல்பாசியும் இருக்கிறது. பாம்பன் தீவுப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுப்பது தலைமுறைத் தொழில். பாசியிலிருந்து எடுக்கும் பொருளைப் பாலில் காய்ச்சி ஆறவிட்டால் கட்டியாகும், நோன்பு திறக்க அதை வைப்பார்கள். அதில் சைவத்துக்குப் பாதகமில்லை.

எங்க வீட்ல கஞ்சியும் துவையலும்தான். பிள்ளை வகுப்புல சொல்லவே கூச்சப்படுது.

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். பலகாரம் செய்யும் வீட்டில்தான் வரலாறு இருக்கிறது என்ற எண்ணத்தை நாமே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அதனால் நான் இப்போதெல்லாம் முதல் வகுப்பையே கஞ்சியில் வைக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் நெல் என்பது கண்மாயை நம்பியது. ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஊரே சொல்லும். அந்தக் கண்மாய் நிறைகிற வருஷம் சோறு, நிறையாத வருஷம் குதிரைவாலி, கேழ்வரகு, கூழ். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, பங்கீட்டு முறை வந்தது. 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு, 2022-இல் காலைச் சிற்றுண்டி. ஒரு பிள்ளையின் பசியை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது பெரிய வரலாறு. அந்த வரலாறு அந்தப் பிள்ளையின் தட்டிலேயே இருக்கிறது. பாட்டியிடம், "நீ பள்ளிக்கூடத்துல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டு எழுதிவரச் சொன்னால், வெட்கப்பட்ட பிள்ளைதான் அதிகம் எழுதிக்கொண்டு வரும்.

பஞ்சம், புயல் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், வயதுக்குத் தக்கபடி. எட்டு வயதுப் பிள்ளைக்கு, "மழை இல்லாமல் போனது, சாப்பாடு இல்லாமல் நிறையப் பேர் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்" என்பது போதும். பன்னிரண்டு வயதுக்கு மேல் முழுதாகவே சொல்கிறேன். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கரைத் துறைகளிலிருந்து மன்னாருக்குப் படகேறி, அங்கிருந்து காட்டு வழியாக நடந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போனவர்கள், வழியில் நோயில் செத்தவர்கள். மண்டபம் முகாமில் இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பினார்கள். அதே மண்டபம் முகாமில்தான் பின்னாளில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் தங்கினார்கள். இந்தப் பாடத்துக்குப் பால் சேர்க்காத தேயிலைச் சாயத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். கூடவே சொதியும் இடியாப்பமும், அகதியாக வந்த குடும்பத்துப் பாட்டி யாராவது சம்மதித்தால் அவர் கையாலேயே.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைச் சொல்லும்போது, அதற்கு முன் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். ரயிலை விட்டு இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன காலம். உறவை இழந்த குடும்பங்கள் இன்னும் பக்கத்திலேயே இருக்கின்றன. வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நம் கடமை.

இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா?

கொஞ்சம் உதவும். ஆண்டுகள் கயிற்றில் பார்த்தவை என்பதால் மறப்பதில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்வதானால் வேண்டாம்.

ஆவுளியாக் கறி, ஆமைக்கறி சாப்பிட்ட கதையைத் தாத்தா பெருமையா சொல்றாரு. தடுக்கவா விடவா?

சொல்லட்டும். ஒரு காலத்தில் இந்தக் கரையில் சாப்பிட்டார்கள் என்பது வரலாறு, மறைத்தால் பிள்ளைகள் அரைகுறையாக வேறெங்காவது கேட்பார்கள். ஆனால் அதோடு சேர்த்து, ஆவுளியா என்கிற கடல்பசுவும் கடலாமைகளும் வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பெற்றவை, பிடிப்பது குற்றம் என்பதையும், ஏன் அந்த நிலை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடல் அட்டையும் அப்படித்தான். இங்கே யாரும் சாப்பிடாமல் சீனச் சந்தைக்காக எடுத்தார்கள், 2001-இல் தடை வந்தது. தாத்தாவிடம், "அப்போ எத்தனை பாத்தீங்க, இப்போ எத்தனை?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பெருமையாகத் தொடங்கிய பேச்சு அந்த இடத்தில் வேறு மாதிரி ஆகிவிடும்.

பாட்டி ஒண்ணு சொல்றாங்க, போன்ல ஒண்ணு வருது. எதை நம்புறது?

அழகன்குளத்து ஓடு மாதிரி கையில் எடுத்துக் காட்ட முடிந்ததைப் "பொருள் சொல்கிறது" என்போம். இப்னு பதூதா மாதிரி பார்த்தவர் எழுதியதை "ஆள் சொல்கிறார்" என்போம். மற்றதெல்லாம் "கதை". சாம்பார் தஞ்சை மராட்டிய அரண்மனையில் சாம்பாஜிக்காகப் பிறந்தது என்று போனில் சுற்றுகிறதே, அதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. அது கதைக் கூடையில் போகும். கதையாகச் சொல்வதில் தப்பில்லை.

பார்த்தவர் எழுதினாலும் கேள்வி கேட்கலாம். பாண்டிய நாட்டில் குதிரைகளுக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சி போட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதினார். அவர் நேரில் பார்த்தாரா, கேட்டு எழுதினாரா, நம் ஊர் புல்லில்லாத ஊர் என்பதால் அப்படிச் செய்தார்களா? பிள்ளைகள் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். நான் நடுவில் போகவில்லை. பாட்டி சொல்வது தன் காலத்தைப் பற்றியதென்றால் அவர் "ஆள்". ஆயிரம் வருஷத்துக்கு முந்தையதைப் பற்றியதென்றால் அது கதை.

சாப்பாட்டுப் பேச்சு எடுத்தா சாதிப் பேச்சும் வந்துருமே. அதை எப்படிச் சமாளிக்கிறது?

வரும். வர வேண்டும். யார் வீட்டுத் தண்ணீரை யார் குடிக்கவில்லை, டீக்கடையில் யாருக்குத் தனிக் குவளை வைத்தார்கள், கோயில் விருந்தில் யார் வெளியே உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் இந்த மாவட்டத்து உணவு வரலாற்றின் பகுதி. அதை விட்டுவிட்டுப் பலகாரம் மட்டும் பேசினால் பிள்ளைகளுக்குப் பொய் சொன்னதாகும்.

சில விஷயங்களில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எந்தப் பிள்ளையிடமும், "உங்க ஆளுங்க என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்கக் கூடாது. "உங்க வீட்ல நேத்து என்ன?" என்பது மட்டும்தான் கேள்வி. மாட்டுக்கறி என்று ஒரு பிள்ளை சொன்னால், மீன் என்று சொன்ன பிள்ளைக்குக் கிடைத்த அதே முகம் அதற்கும் கிடைக்க வேண்டும். யாராவது மூக்கைச் சுளித்தால் அன்றைய வகுப்பை அங்கேயே நிறுத்தி அதைப் பேசுகிறோம். சமைக்கவும் பரிமாறவும் குழுக்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பேன், பெற்றோர் மாற்றச் சொன்னாலும் மாற்றுவதில்லை. இந்த விதிகளைப் பெயர் சேர்க்கும்போதே படித்துக் காட்டிவிடுங்கள். ஒத்துவராதவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டுப் போகட்டும், பிள்ளை நடுவில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிற நிலை வரக் கூடாது.